போஸ்டர் படிப்பவரும் வாசகர்தான்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். நம் மக்கள் தலைப்பைப் பார்த்ததோடு பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, அரசியல் செய்தி எதுவானாலும் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள் என்று மிகவும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். உதாரணத்துக்கு அவருக்குக் கிடைத்தது எங்கள் கோவில்பட்டி. வைகோ கட்சிக்குத் தேர்தல் சின்னமாகத் தீப்பெட்டி ஒதுக்கியதைப் படித்துவிட்டு இங்கே உள்ள தொழிலாளிகள் ஏதோ பெரிய ஆர்டர் வந்திருப்பதாக நினைத்தார்களாம். கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்தாராம்.

அதற்குப் பதில் எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அந்தச் செய்தியின் தலைப்பை எழுதிய போஸ்டர் தொங்கியது என் கடையில்.

பழைய பேருந்து நிலையத்துக்கு வெளியே பத்திரிகை முகவராக இருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. விடியற்காலையில் வேனிலிருந்து கட்டு இறங்கியதும் இணைப்புகளைச் சொருகி, லைன் பையன்களுக்கு எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியாகச் செய்கிற வேலை போஸ்டர் மாட்டுவது. கம்பிவலை அடித்த தட்டி, மேலே இரண்டு கிளிப், அவ்வளவுதான் ஏற்பாடு. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று எங்கள் பேருந்து நிலையத்துக்கும் வருவதால், ஆனி, ஆடியில் போஸ்டரின் கீழ்ப்பாதி மேலே மடிந்து ஒட்டிக்கொள்ளும். குறுக்கே ஒரு சணல் கட்டுவேன். அந்தச் சணல் எந்த எழுத்தின்மேல் விழுகிறதோ அதைப் பொறுத்து அன்றைய அரசியலே மாறும்.

தலைமையாசிரியர் ஐயா உள்ளே படிக்கச் சொல்கிறார். உள்ளே படிக்கக் காசு வேண்டும். பஸ் வரும்வரை நின்று போஸ்டரைப் படித்துவிட்டு ஏறிப் போகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு அன்றைய செய்தி என்பது அந்த நாலு சொல். அந்த நாலு சொல்லில் நீங்கள் விட்டுவைக்கிற பள்ளத்தை அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். தெரியாததை வைத்து அல்ல. இதைத்தான் தலைமையாசிரியர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தீப்பெட்டிக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2024 நாடாளுமன்றத் தேர்தல். ம.தி.மு.க. தன்னுடைய பழைய பம்பரத்தைக் கேட்டது. ஒரே ஒரு தொகுதியில் போட்டியிடுகிற கட்சிக்குத் தர முடியாது என்று தேர்தல் ஆணையம் கைவிரித்தது. உயர் நீதிமன்றம் வரை போயும் நடக்கவில்லை. திருச்சியில் நின்ற துரை வைகோவுக்குத் தீப்பெட்டி கிடைத்தது. அதே தீப்பெட்டியை வைத்துக்கொண்டு அவர் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது பின்னால் நடந்தது. அன்று காலை என் தட்டியில் தொங்கிய போஸ்டரில் இருந்தது இவ்வளவுதான்: 'வைகோ கட்சிக்கு தீப்பெட்டி ஒதுக்கீடு'. சின்னம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

கம்பெனி வேனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் என் கடையை ஒட்டித்தான் நிற்பார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் போஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எத்தனை பண்டல் என்று போட்டிருக்கிறதா?"

"எதற்கு மதினி பண்டல்?"

"வைகோ ஐயா ஆர்டர் கொடுத்திருக்கிறாரே, அதற்குத்தான். கூட்டத்தில் கொடுப்பதற்கா, வீட்டுக்கு வீடு கொடுப்பதற்கா?"

பக்கத்தில் நின்ற இளம்பெண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கட்சி எதற்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறது? ஒதுக்கீடு என்றுதானே எழுதியிருக்கிறது. கோட்டா, சித்தி. டெல்லியில் பேசி நமக்குக் கோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார்." வேன் வந்து நிற்பதற்குள் அந்தக் கோட்டா பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமா, கைத்தொழில் செய்கிறவர்களுக்கும் உண்டா என்று அங்கே இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. அது சின்னம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் வேனின் கதவு மூடிக்கொண்டது.

இதில் சிரிக்க இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு என்னென்ன தெரியும் என்று பாருங்கள். ஒரு பண்டலுக்கு 600 பெட்டி என்று தெரியும். பதினான்கு ஆண்டுகளாக 1 ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ஆம் தேதி 2 ரூபாய் ஆனது எதனால் என்று தெரியும். மெழுகு விலை, அட்டை விலை, குச்சி விலை எல்லாம் விரல்நுனியில் இருக்கும். 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2023 ஜூனில் தடை போட்டதும் தெரியும். அதுவும் இதே தட்டியில் இதே அளவு எழுத்தில் தொங்கிய செய்திதான். எங்கள் ஊர்ப் போஸ்டரில் தீப்பெட்டி என்று வந்தால் அது கூலி சம்பந்தப்பட்ட சமாசாரம். வைகோவின் சொந்த ஊரான கலிங்கப்பட்டி ஒன்றும் அசலூர் அல்ல. டெல்லிக்குப் போனால் பேசிவிட்டு வருவார் என்ற பெயர் அவருக்கு உண்டு. இவ்வளவையும் கூட்டிக் கழித்துத்தான் கோட்டா என்ற முடிவுக்கு வந்தார்கள். தீப்பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் ஆள் அந்தத் தலைப்பைப் படித்திருந்தால் குழம்பியே இருக்க மாட்டார்.

சின்னத்தை ஆளாக்கி எழுதுகிற பழக்கம் நம் பத்திரிகைகளில் இன்று நேற்று வந்ததல்ல. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு 1989 தேர்தலில் இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தேர்தலில் தி.மு.க. வென்றது. தோற்ற இரண்டு அணிகளும் ஒன்று சேர்ந்து, இலை திரும்பக் கிடைத்தது. 'சேவலும் புறாவும் இணைந்தன, இலை கிடைத்தது' என்று அப்போது தட்டியில் மாட்டியபோது, ஏதோ விருந்துச் சமையல் குறிப்பு போல இருக்கிறது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். 2021-இல் எங்கள் தொகுதியிலேயே டி.டி.வி.தினகரன் குக்கர் சின்னத்தில் நின்றார். அந்த ஒரு மாதம் 'கோவில்பட்டியில் குக்கர்' என்று தொடங்காத தலைப்பே கிடையாது. குக்கர் கொதிக்குமா, குக்கர் விசில் அடிக்குமா, குக்கர் வெடிக்குமா. பஜாரில் குக்கர் பழுது பார்க்கிற ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, வெடிக்கிற மாதிரி எழுதுவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், பெண்கள் புதிதாக வால்வு மாட்டியதைக் கூட நம்ப மாட்டேன் என்கிறார்கள்" என்றார். கடைசியில் குக்கர் இரண்டாம் இடத்துக்கு வந்தது. வெடித்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் என் கடையில் நடந்ததில் எதை முதலில் சொல்வாய் என்று கேட்டால், ஸ்டாலின் சிலையைத்தான் சொல்வேன்.

2010 ஜூன் கடைசி வாரம். கோவையில் செம்மொழி மாநாடு நடந்துகொண்டிருந்தது. தி.மு.க.வில் வேட்டி கட்டத் தெரிந்த அத்தனை பேரும் கோவையில் இருந்தார்கள். மு.க.ஸ்டாலின் அப்போது துணை முதல்வர். அந்த நேரம் பார்த்து, எங்கோ ஜார்ஜியா நாட்டில், சோவியத் தலைவர் ஸ்டாலின் பிறந்த ஊரான கோரியில், நகரின் நடுவே நின்ற அவருடைய பெரிய சிலையை அந்நாட்டு அரசு இரவோடு இரவாக அகற்றிவிட்டது. மாலைப் பத்திரிகை ஒன்றின் போஸ்டர் வந்தது: 'ஸ்டாலின் சிலை நள்ளிரவில் அகற்றம்'. அடியில் சிறிய எழுத்தில் 'கோரியில் அதிரடி'.

ஊரில் மிச்சம் இருந்த கிளைச் செயலாளர் ஒருவர் டீ குடிக்க வந்தவர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போஸ்டர் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. சிலையை எடுத்ததற்குத்தான் கோபப்படுகிறார் என்று நினைத்தேன்.

"எப்போது வைத்தார்கள்?" என்றார்.

"என்ன மாமா?"

"சிலையைத்தான். எடுத்திருக்கிறார்கள் என்றால் வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். எந்த ஒன்றியத்துக்காரன் வைத்தான்? எனக்கு ஒரு பத்திரிகை இல்லை, ஒரு போன் இல்லை. திறப்பு விழா முடிந்து, இடித்தும் ஆயிற்று, எனக்கு இப்போதுதான் தெரிகிறது."

அடுத்த வரியைப் படித்தார். நம் பத்திரிகைகளில் 'கோரி' என்ற எழுத்து வந்தால் அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கும் என்று அரசியலில் ஊறிய எவருக்கும் தெரியும். குடிநீர் கோரி, சாலை வசதி கோரி, மறியல், ஆர்ப்பாட்டம். "எதைக் கோரி? யார் கோரி? கோரிக்கை வைத்த உடனே சிலையை எடுத்துவிடுவார்களா, ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு?" என்று கேட்டார்.

நான் பத்திரிகையை விரித்து உள்பக்கத்தைக் காட்டினேன். மீசை வைத்த சோவியத் தலைவரின் படத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மிச்ச டீயைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். "தலைவர் பிள்ளைக்குப் பெயர் வைத்ததே இவர் நினைவாகத்தானே" என்றார். உண்மைதான். மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1-ஆம் தேதி; மார்ச் 5-ஆம் தேதி சோவியத் ஸ்டாலின் இறந்தார்; அந்த இரங்கல் கூட்டத்தில்தான் கருணாநிதி மகனின் பெயரைச் சொன்னார். "அப்படியானால் கிளையின் சார்பில் ஒரு கண்டனம் தெரிவித்து வைப்பதில் தப்பில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜார்ஜியா அரசுக்குக் கோவில்பட்டியிலிருந்து கண்டனம் போயிற்றா என்பது எனக்குத் தெரியாது. போயிருந்தால் நியாயமான கண்டனம்தான்.

மறு ஆண்டே அண்ணா வந்தார். 2011 ஆகஸ்ட் 16 அன்று டெல்லியில் அன்னா ஹசாரேயை உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே போலீஸார் பிடித்துவிட்டார்கள். மாலைப் போஸ்டர்: 'அன்னா கைது! நாடு முழுவதும் கொந்தளிப்பு'. எழுத்தில் இரண்டு சுழி சரியாகத்தான் இருந்தது. ஆனால் போஸ்டரை எல்லோரும் கண்ணால் படிப்பதில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தினமும் வருவார், கண்பார்வை மங்கியவர். லைன் பையன் வாசித்துச் சொல்வான். அவன் வாயில் இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒன்றுதான். உங்கள் அலுவலகத்திலும் பலர் வாயில் அப்படித்தான் இருக்கும்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, 1969-இல் மெட்ராஸுக்குப் போய், அந்தக் கூட்டத்தில் நெரிபட்டு, அண்ணா முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். செத்தவரை எப்படியப்பா கைது செய்வார்கள்?" பையன் மீண்டும் ஒருமுறை சத்தமாக வாசித்தான். கைது என்றுதான் இருக்கிறது தாத்தா என்றான். பெரியவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "அப்படியென்றால் சிலையாகத்தான் இருக்க வேண்டும்."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் தென்மாவட்டங்களில் தலைவர்களின் சிலைகளைப் பெரும்பாலும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். யாராவது செருப்பு மாலை போட்டால் ஊர் பற்றிக்கொள்ளும் என்ற பயம். கம்பிக்குப் பின்னால் நிற்கிற தலைவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிலை கைது என்பது நடக்கக்கூடாத ஒன்று அல்ல. பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு சிலை இருக்கிற பக்கம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் இது ரொம்ப வருடமாக அப்படித்தானே இருக்கிறது? இன்றைக்குத்தான் உங்கள் பத்திரிகைக்குத் தெரிந்ததா?" என்று என்னைக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கவர்னர் கதை சின்னது. 2018 டிசம்பரில் ரிசர்வ் வங்கி கவர்னர் உர்ஜித் படேல் பதவி விலகினார். 'கவர்னர் திடீர் ராஜினாமா' என்று போஸ்டர். அப்போது நம் மாநிலத்தில் கவர்னர் பன்வாரிலால் புரோகித் மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்குப் போவதும், எதிர்க்கட்சிகள் கறுப்புக்கொடி காட்டுவதும் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கறுப்புக்கொடி காட்டப் போய்வந்த ஒருவர், தன் உழைப்பு பலித்ததென்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். விஷயம் தெரிந்த பிறகும் மிட்டாயை யாரும் திருப்பித் தரவில்லை.

பெயர் போதாது, முதலெழுத்தையும் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். முதலெழுத்தும் எப்போதும் காப்பாற்றாது. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே ஓ., அதே பன்னீர்செல்வம் என்று இன்னும் ஐந்து பேர் மனு செய்து நின்றார்கள். 'ஓ.பன்னீர்செல்வம் மனு ஏற்பு' என்ற தலைப்பை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? அங்கே உண்மையான அடையாளம் பலாப்பழம்தான். ஆக, சின்னம் எழுதினாலும் வம்பு, பெயர் எழுதினாலும் வம்பு. உங்கள் வேலை சுலபமானது என்று நான் சொல்லவில்லை.

தேர்தல் முடிவு நாள்கள் தனி ரகம். 'டெபாசிட் இழந்தார்' என்று போடுகிறீர்கள். வேட்பாளர் கட்டுகிற பிணைத்தொகை, ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அரசுக்குப் போய்விடும் என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். பைனான்ஸ் கம்பெனியில் மகள் கல்யாணத்துக்குப் போட்டு வைத்ததை இழந்த ஓர் அத்தை பூக்கடை வைத்திருக்கிறார். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், இவ்வளவு பெரிய மனிதர், இவரும் ஏமாந்துவிட்டாரே. எந்த பைனான்ஸ் என்று போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாய்தான் அத்தை என்றேன். தொகையைக் கேட்டதும் இரக்கமெல்லாம் போய்விட்டது. பத்தாயிரத்துக்கா இவ்வளவு பெரிய எழுத்து என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோட்டாவை ஒரு வேட்பாளர் என்று நம்பியவர்களும் உண்டு. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் முடிவு வந்தபோது நோட்டாவுக்கு 2,373 வாக்கு, பா.ஜ.க.வுக்கு 1,417 வாக்கு. 'நோட்டாவிடம் தோற்றது பா.ஜ.க.' என்று தலைப்பு. "இந்த நோட்டா வடநாட்டு ஆளா, ஆந்திராக்காரரா? செலவே செய்யாமல் இவ்வளவு வாங்கியிருக்கிறாரே, நல்ல மனிதர் போலிருக்கிறது" என்றார் என் கடைக்கு எதிரே செருப்புத் தைப்பவர். இதை நான் திருத்தவில்லை. நோட்டாவைப் பற்றி அதற்கு மேல் நல்லதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

'போட்டியின்றி தேர்வு' என்ற தலைப்பு வருகிற ஒவ்வொரு முறையும், குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஒருவர் ஓடி வந்து பத்திரிகை வாங்குவார். மாநிலங்களவைக்கு ஆறு பேர் எதிர்ப்பே இல்லாமல் உறுப்பினராகியிருப்பார்கள். லட்சக்கணக்கானவர்களோடு மோதிப் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குப் போட்டி இல்லாத தேர்வு எப்படிப் படும் என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

அண்மையில் வந்தது எஸ்.ஐ.ஆர். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று முழுதாக எழுத இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2025 நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுக்கத் தொடங்கியபோது, 'எஸ்.ஐ.ஆர். இன்று தொடக்கம்: வீடு தேடி வருகிறார்கள்' என்று போஸ்டர் தொங்கியது. எங்கள் பக்கத்தில் எஸ்.ஐ. தெரியும், எப்.ஐ.ஆர். தெரியும். இரண்டும் கலந்த ஒன்று வீடு தேடி வந்தால் யார்தான் வீட்டில் இருப்பார்கள்? ஒரு தெருவில் படிவம் கொண்டுபோன வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி டீச்சரைப் பார்த்து, "என் பையன் ஊரில் இல்லை, சண்டையில் அவன் இருக்கவும் இல்லை" என்று ஓர் அம்மா கதவைச் சாத்தியிருக்கிறார். டீச்சர் என் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். எந்தச் சண்டை என்பதை அவர் விசாரிக்கவில்லையாம். விசாரித்திருந்தால் உங்களுக்கு இன்னொரு செய்தி கிடைத்திருக்கும்.

இனி மடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது உங்கள் அறையில் இருந்து பார்த்தால் தெரியாது. அங்கே முழுப் பக்கம் திரையில் விரிந்து கிடக்கிறது. என் கடையில் பத்திரிகை குறுக்கே மடித்து அடுக்கப்பட்டு, மேல்பாதி மட்டும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. 10 ரூபாய் நாணயத்தை யாரும் வாங்க மாட்டேன் என்று சாதித்துக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. மறுநாள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வரித் தலைப்பு. மடிப்புக்கு மேலே இரண்டு வரி: '10 ரூபாய் நாணயம் செல்லாது'. மடிப்புக்குக் கீழே மூன்றாம் வரி: 'என்பது வதந்தி: ரிசர்வ் வங்கி'. அதுவரை என்னிடம் அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் கூட அன்றிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். "உங்கள் கடையிலேயே போட்டிருக்கிறதே அண்ணாச்சி" என்றார். வதந்தியை ஒழிக்க வந்த பத்திரிகையை நான் அன்று முழுவதும் திருப்பிப் போட்டு விற்றேன். கீழ்ப்பாதியில் ஜவுளிக்கடை விளம்பரமும் 'என்பது வதந்தி'யும் தெரிந்தன. எது வதந்தி என்று கேட்டு நாலைந்து பேர் வாங்கினார்கள்.

கேள்விக்குறியும் அப்படித்தான். 'கூட்டணி உடைகிறது?' என்று எழுதினால் உங்களுக்கு அது கேள்வி. போஸ்டரின் வலது ஓரத்தில் வருகிற அந்தக் குறியின் மேல்தான் என் சணல் முடிச்சு விழுகிறது. உடைகிறது என்று ஊர் முடிவு செய்துவிடும். கட்சிக்காரர்கள் வந்து என்னிடம் சண்டை பிடிப்பார்கள். நான் சணலை நகர்த்திக் காட்டுவேன். குறியைப் பார்த்ததும் அவர்களுக்கு இன்னும் கோபம் வரும், தெரியாமல்தான் எழுதினீர்களா என்று.

இத்தனையும் என் வியாபாரத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். தெளிவான தலைப்பு போட்ட நாளில் போஸ்டரைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குழப்பமான நாளில் ஆள் நின்று, பேசி, வாதாடி, கடைசியில் ஒரு பிரதி வாங்குகிறார்கள். ஸ்டாலின் சிலை அன்று, விற்காமல் திருப்பி அனுப்புகிற ரிட்டன் எனக்கு ஒன்றுகூட இல்லை. ஒருவேளை இது உங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்தேதான் செய்கிறீர்கள் என்றால், தலைமையாசிரியரின் கடிதத்தை நீங்கள் பிரசுரித்திருக்கக் கூடாது. பள்ளத்தையும் வெட்டிவிட்டு, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கவும் இடம் கொடுப்பது என்ன நியாயம்?

அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. வெளிநாட்டுச் செய்தி என்றால் நாட்டின் பெயரை முதலில் போடுங்கள். கவர்னர் என்றால் எதற்குக் கவர்னர் என்று சொல்லுங்கள். சின்னத்தைச் சின்னம் என்றே எழுதுங்கள். நாலெழுத்து கூடினால் பத்திரிகை கவிழ்ந்துவிடாது. மறுப்புச் செய்தியில் மறுப்பை மடிப்புக்கு மேலே வையுங்கள். போஸ்டர் எழுதுகிறவரை ஒரு நாள் எங்கள் ஊருக்கு அனுப்பினால் விடியற்காலையில் கடையில் உட்காரவைத்துக் காட்டுகிறேன். ஆடி மாதம் வந்தால் காற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் ஒரு சொல். தொழிலாளிகள் ஆர்டர் என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். ஆர்டர் என்று நினைத்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் கோட்டா என்றார்கள். செய்தியை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

நிற்க. தேர்தல் நேரத்தில் மட்டும் போஸ்டர் இரண்டாக வருகிறது, மற்ற மாதங்களில் ஒன்றுதான். மழையில் நனைந்து எழுத்து கரைந்தால் மாற்றுவதற்கு எப்போதும் இரண்டு வேண்டும். போன மாத ரிட்டனில் கணக்கு இடிக்கிறது. அதை உங்கள் விற்பனைப் பிரதிநிதி வரும்போது நேரில் பேசிக்கொள்கிறேன், இதில் சேர்க்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
பத்திரிகை முகவர்,
பழைய பேருந்து நிலையம் எதிரில்,
கோவில்பட்டி